எட்டு வினாடி

பெட்டி எண் பதினேழைத் திறக்க
மூன்று கையெழுத்து வேண்டியிருந்தது.
சுங்கத்துறை, காப்பீட்டுக்காரர், பிறகு லத்தீஃபா மேடம்.
உள்ளே ஒரு நாடு,
பழுப்பு நிறத்தில், பன்னிரண்டு சட்டங்களில்.

ஷார்ஜாவில் வெளியே நாற்பத்தாறு டிகிரி.
கூடத்துக்குள் இருபது.
வெளிச்சம் ஐம்பது லக்ஸ், அதற்கு மேல் கூடாது.
முட்டை வெள்ளைக்கரு பூசிய தாள்,
வெயில் பட்டால் வெளிறிவிடும் என்றார்கள்.
வெயிலில் பிறந்தது
வெயிலுக்கு அஞ்சுகிறது.

முதல் படம் கண்காட்சி மண்டபம்.
முகப்பில் இருபத்துநான்கு தூண்,
உச்சியில் முக்கோண நெற்றி,
நெற்றியில் ஒரு பெண்: கையில் பற்சக்கரம்,
காலடியில் கோதுமைக்கட்டு. அவள்தான் தேசம்.
கிரேக்கத் தூண் வைத்தால்
வல்லரசுகளின் வரிசையில் ஒரு நாற்காலி கிடைக்குமென்று
அந்த ஊர் மந்திரி யாரோ கணக்குப் போட்டிருக்க வேண்டும்.
புகைப்படக்காரனைக் கூப்பிட்டு
கீழேயிருந்து எடு, கல் மாதிரித் தெரியட்டும்
என்றிருக்க வேண்டும்.
இரண்டாம் படத்தில் பீரங்கி. மூன்றில் நீராவி எஞ்சின்.
நான்கில் வரப்போகும் ராஜாக்களுக்கான நாற்காலிகள்,
காலியாக.

"கல்லே இல்லைங்க இது" என்றான் மாசிலாமணி.
எங்கள் கூடத்து வாசலுக்கு எட்டுத் தூண் செய்தவன்.
ஜிப்சம் போர்டு, அலுமினியச் சட்டம், மேலே பட்டி.
கண்ணாடிக்கு ஒரு சாண் தள்ளி மூக்கை நிறுத்திப் பார்த்தான்.
"சாந்தும் சணல் நாரும்.
மூணாவது தூண்ல இணைப்புத் தெரியுது பாருங்க.
தேய்க்க நேரம் குடுத்திருக்க மாட்டானுங்க."

லத்தீஃபா மேடம் குறிப்பைப் புரட்டினார்.
ஆமாம், ஆறு மாதத்துக்கான கட்டடம்.
ஏழாம் மாதம் மழையில் கரைந்தது.
நாட்டின் பெயரும் இப்போது வேறு.

படிக்கட்டில் ஒருவர்கூட இல்லை.
திறப்புக்கு முந்தைய நாளாம்,
நானூறு பேர் வேலை செய்த நாள்.
அன்றைய கண்ணாடித் தகட்டுக்கு
அசையாதது மட்டுமே தெரியும்.
தூண் தெரிந்தது, சிலை தெரிந்தது,
ஓர் ஏணி முழுதாகத் தெரிந்தது.
அதன் நடுப்படியில் லேசாக ஒரு புகை.
தூசி என்று துடைத்தேன்.
கண்ணாடியின் மேலில்லை அது.

"பூசுறவன்" என்றான் மாசிலாமணி.
"கையில வாளி இருக்கும்."

பட்டியலில் மந்திரி பெயர் உண்டு,
லென்ஸ் செய்த கம்பெனியின் பெயர்கூட உண்டு.

அன்றிரவு பத்துக்கு மேல்
எங்கள் கூடத்தைப் படமெடுக்க வந்தான் ஃபாதி, லெபனான்காரன்.
மறுநாள் திறப்பு. விடிவதற்குள்
அமைச்சகத்துக்கு அனுப்பியாக வேண்டும்.
இந்த இருட்டில் எட்டு வினாடி திறந்திருக்கணும்,
எல்லாரும் ஓரமாகப் போங்கள் என்றான்.
போனோம். பழக்கம்தான்.
தீர்த்த பகதூர் தள்ளுவண்டியோடு,
நான் வெள்ளைக் கையுறைகளோடு,
ஏணியை அங்கேயே விட்டுவிட்டு.

மாசிலாமணி மட்டும்
இரண்டாம் தூணில் ஒரு கோட்டைப் பார்த்துவிட்டான்.
உப்புத்தாளோடு ஓடினான்.
நாலு வினாடி நின்றிருப்பான்,
ஃபாதி கத்தியதும் விலகினான்.

சின்னத் திரையில் பார்த்தோம்.
எட்டும் பளிங்கு. சத்தியமாகப் பளிங்கு.
இரண்டாவதன் முன்னால் பாதி ஆள்.
நீலச் சட்டை கண்ணாடியாகி
அவன் விலாவுக்குள் அந்த இணைப்பு,
ஒரு மயிரிழை, மேலிருந்து கீழ்வரை.

அழித்துவிடவா என்றான் ஃபாதி.
லத்தீஃபா மேடம் கன்னத்தில் கைவைத்து நின்றார்.
இன்னொன்று எடுங்கள் என்றார்.
இதை என்ன செய்வதென்று சொல்லவில்லை.

மாசிலாமணி எதையும் கவனிக்கவில்லை.
உப்புத்தாளைப் புதிதாக மடித்துக்கொண்டு
என்னிடம் கேட்டான்:
அடுத்ததுக்கு முன்னால
எத்தனை நிமிஷம் இருக்குன்னு கேளுங்க,
தேய்ச்சு முடிச்சிடுறேன்.